பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் முதல் பெண் மேயர் எலிசபெத் யேட்ஸ்



நியூசிலாந்தில் ஒனெஹங்கா என்று ஒரு ஊர். இப்போ அது ஆக்லாந்து நகரத்தில் ஒரு பகுதி. அந்த ஊர் மேயராக இருந்தவங்கதான் எலிசபெத் யேட்ஸ். இவங்க பிறந்தது ஸ்காட்லாந்தில். இவங்க கணவர் மைக்கேலும் முன்பு அங்கே மேயராக இருந்தவர்.

1893 நவம்பர் 28-இல் அந்த நாட்டுப் பெண்கள் முதன்முதலாகப் பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டுப் போட்டாங்க. மறுநாள் நடந்த மேயர் தேர்தலில் எலிசபெத் ஜெயிச்சாங்க. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதல் பெண் மேயர் இவங்கதான்!

ஆனா ஆண்கள் சும்மா இருப்பாங்களா? உடனே 4 கவுன்சிலர்களும் டவுன் கிளார்க்கும் ராஜினாமா செஞ்சாங்க. இன்னும் 3 கவுன்சிலர்கள் இவங்க எதைச் சொன்னாலும் எதிர்த்தாங்க. கூட்டம் நடந்தால் ஒரே கூச்சல்.

எலிசபெத் பயப்படவே இல்லை. ஊர்க் கடனை அடைச்சாங்க. ரோடு, நடைபாதை, சுகாதார வசதி எல்லாத்தையும் சரி செஞ்சாங்க. தீயணைப்புப் படையையும் சீராக்கினாங்க. இவ்வளவும் ஒரே வருஷத்தில்!

1894 தேர்தலில் தோத்துட்டாங்க. அதுக்காக வீட்டில் முடங்கிவிடவில்லை. 1899 முதல் 1901 வரை கவுன்சிலராக இருந்து உழைச்சாங்க. 1918-இல் இறந்தாங்க.

தோழிகளே! பொம்பளைப் பிள்ளைக்கு என்ன தெரியும்னு யாராவது கேட்டால் சண்டை போட வேண்டாம். எலிசபெத் மாதிரி வேலையைச் செஞ்சு காட்டுவோம்!