முதலாம் மார் தோமா

பாலக்காட்டை அடுத்த அட்டப்பாடி மலையில் ஊர்த் தலைவனை மூப்பன் என்பர். இடுக்கி மலையின் தேயிலைத் தோட்டங்களில் ஆட்களைத் திரட்டி வேலை வாங்கியவரைக் கங்காணி என்றனர் நம் முன்னோர். இவ்விரு சொற்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பழைய வேத மொழிபெயர்ப்பில் பெருமையுடன் வீற்றிருப்பதை நம்மில் பலர் அறியார். ஆதித் திருச்சபையை நடத்திய முதியோரை மூப்பர் என்றும், மேற்பார்த்தவரைக் கண்காணி என்றும் அம்மொழிபெயர்ப்பு கூறும். தொடக்கத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே பதவியாக இருந்தன என்பர் ஆராய்ச்சியாளர். நாளடைவில் கண்காணி ஒருவர், அவருக்குக் கீழே மூப்பர், அவர்க்கும் கீழே தொண்டர் என்னும் படிமுறை ஏற்பட்டது. அக்கண்காணியே மேற்றிராணியார் ஆனார்.

அவரை அப்பதவியில் அமர்த்தும் அதிகாரம் யாருடையது? எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியாவில் பண்டு மூப்பரே தம்முள் ஒருவரைத் தேர்ந்து தலைவராக்கினர் என ஜெரோம் என்னும் பேரறிஞர் குறித்துள்ளார். ஆனால் 325ஆம் ஆண்டு நிசேயா நகரில் கூடிய பேரவை, குறைந்தது மூன்று மேற்றிராணிமார் கூடியே புதியவரை ஏற்படுத்த வேண்டும் என விதித்துவிட்டது. அன்றோடு முடிந்தது என எண்ணிய அவ்வழக்கு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, ஆலுவாய்க்கு அருகிலுள்ள ஆலங்காட்டில் மறுபடி எழுந்தது. அதன் நடுவே நின்றவர் சரிதத்தையே ஈண்டுக் கூறப் புகுந்தோம். நம் காலனியைச் சுற்றி வாழும் அயலாருள் சிரியன் கிறிஸ்தவர் பலராதலின், அவர்தம் சபைகள் ஏன் பலவாயின என்பதை அறிந்துகொள்ளுதல் நமக்கும் நன்றாம்.

தோமா என்பார் குறவிலங்காட்டைச் சேர்ந்த பகலோமற்றம் குடும்பத்தவர். மலையாளத்து நஸ்ரானிகளுக்குப் பாபிலோன் பக்கத்திலிருந்து மேற்றிராணியார் வருவது நெடுநாள் வழக்கம். வந்தவருக்குச் சுறியானி தெரியும். ஊர்ப் பேச்சுத் தெரியாது. அவர் குருப்பட்டம் கொடுப்பார், வழிபாடு நடத்துவார். சமூகத்தை ஆண்டவர் உள்ளூர் அர்க்கதியாக்கோன். அவருக்கு ஜாதிக்குக் கர்த்தவ்யன் என்று பட்டம். ஆயுதம் தாங்கிய பரிவாரமும் உண்டு. ஊர்தோறும் குருமாரும் குடும்பத் தலைவரும் கூடும் பள்ளியோகம் வரவு செலவு பார்க்கும்; வழக்குத் தீர்க்கும். ஒருவர் கையில் பட்டம், மற்றவர் கையில் ஆட்சி, இரண்டுக்கும் அடியில் யோகம் என்னும் இவ்வேற்பாடு எமக்கு மிகவும் பிடித்தமானது. நம் சங்கங்களும் இவ்வாறு நடந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்!

போர்த்துக்கீசியர் வந்தபின் இம்முறை குலைந்தது. 1597ல் பாபிலோனிய மேற்றிராணியாராகிய மார் ஆபிரகாம் காலமானார். 1599ல் கோவாவின் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, நஸ்ரானிகளை உரோமாபுரியின் ஆணைக்குள் கொணர்ந்தார். அதன்பின் ஐரோப்பியரே மேற்றிராணிமார் ஆயினர். 1640ல் அர்க்கதியாக்கோனான தோமாவுக்குக் கிடைத்தது பெயரளவுப் பதவியே. பேராயர் கார்சியா அவருடைய பழைய உரிமைகளை ஏற்க மறுத்தார். அவர் நேர்மையுள்ளவராகவே இருந்திருக்கலாம். ஆயினும் பிறர் வீட்டு வழக்கத்தை மதியாதவர் என்பது எம் கருத்து.

இந்நிலையில் 1652ல் அகத்தல்லா என்னும் கீழ்நாட்டு மேற்றிராணியார் நம் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். சேசு சபையார் அவரைக் காவலில் வைத்தனர். அங்கே யாத்திரை சென்ற நஸ்ரானிகளிடம் அவர் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். பின்னர் அவரைக் கோவாவுக்குக் கொண்டுசென்ற கப்பல் கொச்சியை அடைந்தபோது, தோமா பெருங்கூட்டத்துடன் அங்குச் சென்று, முகமாவது காட்டும்படி வேண்டினார். போர்த்துக்கீசியர் இசையவில்லை. கப்பல் போயிற்று. அவரைக் கடலில் அமிழ்த்திக் கொன்றனர் என்னும் வதந்தி காட்டுத்தீப்போல் பரவிற்று. உண்மையில் அவர் ஐரோப்பா சென்று பாரிஸ் நகரில் இறந்தார் என்பது பிற்காலத்தார் கண்ட செய்தி. அன்று அதனை யார் அறிவார்?

1653 ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் மக்கள் திரண்டனர். சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். எல்லார் கையும் எட்டவில்லை. கயிறுகளைச் சிலுவையில் கட்டி, அவற்றைப் பற்றிக்கொண்டு, சேசு சபையாருக்கும் கார்சியாவுக்கும் இனிப் பணியோம் எனச் சூளுரைத்தனர். இழுத்த வேகத்தில் சிலுவை சாய்ந்ததாம். அதனால் கூனன் குரிசு என்று பெயர். கூன் என்னும் சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டுவதில்லை. அச்சூளுரை உரோமாபுரியையே மறுத்ததா, அச்சபையாரை மட்டுமா என்னும் வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அவ்வாண்டு மே 22ல் ஆலங்காட்டில் பன்னிரு குருமார் தோமாவின் தலைமேல் கைவைத்து அவரை மார் தோமா எனப் பெயரிட்டு மேற்றிராணியாராக்கினர். மேற்றிராணியார் இல்லாவிடில் அங்ஙனம் செய்யலாம் என அகத்தல்லா எழுதியதாக ஓர் ஓலை வாசிக்கப்பட்டது. அதனை ஆஞ்ஞிலிமூட்டில் இட்டித் தொம்மன் கத்தனாரே எழுதினார் என ஐயுறுவோர் பலர்.

எமது ரயில்வே இலாகாவில் ஒப்படைப்பவரும் ஏற்பவரும் கையெழுத்திட்டாலன்றிப் பொறுப்பு மாறியதாகக் கொள்ளமாட்டார்கள். முறை அதுவே. எனினும் ஒப்படைக்க வேண்டியவரைக் கண்ணெதிரே கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டால், நிலையத்தைப் பூட்டிவைக்கவா முடியும்? ஆலங்காட்டார் நிலை இதுவே.

முதலில் ஏறத்தாழச் சமூகம் முழுவதும் தோமாவின் பின் நின்றது. 1657ல் பாப்பரசரின் தூதராகச் செபஸ்தியானி என்னும் கார்மல் சபைத் துறவி வந்தார். அவர் வாளெடுக்கவில்லை, மேற்றிராணியார் எவரும் கைவைக்காத பட்டம் செல்லுமா என ஒரு கேள்வியையே விதைத்தார். அது போதியதாயிற்று. தோமாவின் ஆலோசகரும் உறவினருமான பறம்பில் சாண்டியும், கடவில் சாண்டியும் பிரிந்தனர். 1663ல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்து ஏனைய ஐரோப்பியப் பாதிரிமாரை வெளியேற்றியபோது, செபஸ்தியானி பறம்பில் சாண்டிக்குக் கடுத்துருத்தியில் மேற்றிராணியார் பட்டம் அளித்துச் சென்றார். 116 கோயில்களில் 84 சாண்டியின் பக்கம் போயின, 32 தோமாவிடம் நின்றன என்பது வழிவழி வரும் கணக்கு. குறையற்ற பட்டம் பெற்ற அப்பக்கத்தார்க்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுவோம். 1687ல் சாண்டி இறந்தபின் மீண்டும் அந்நியரே தலைமை ஏற்றனர். 1783ல் லிஸ்பனில் பட்டம் பெற்ற காரியாட்டில் யோசேப்பு தம் பீடம் ஏறுமுன் 1786ல் கோவாவில் இறந்தார். 1896லேதான் சுதேசிகள் மூவர் அவர்க்கு மேற்றிராணிமார் ஆயினர்.

தோமாவுக்கோ பட்டத்தின் குறை உள்ளத்தை அரித்துக்கொண்டே இருந்தது. கீழ்நாட்டுப் பீடங்களுக்குக் கடிதங்கள் அனுப்பிக் காத்திருந்தார். 1665ல் எருசலேமிலிருந்து மார் கிரிகோரியோஸ் என்னும் சிரிய மேற்றிராணியார் வந்தார். அவர் தோமாவின் பட்டத்தை முறைப்படுத்தினார் என்பது யாக்கோபிய மரபு. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு அது. பின் இருவரும் ஊர் ஊராகச் சுற்றிச் சபையை நிலைநிறுத்தினர்.

1670ல் தோமா காலமானார். அவரை அங்கமாலியில் அடக்கம் செய்தனர். அவருக்குப் பின் பகலோமற்றம் குடும்பத்தாரே மார் தோமா என்னும் அப்பெயரைப் பூண்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒருவர்பின் ஒருவராக அப்பீடத்தில் அமர்ந்தனர்.