மங்கிய ஒளியின் மன்னர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். ஆனால் தன்னைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று அறிந்த மறுகணமே அந்த முகம் மாறிவிடுகிறது. உடல் விறைக்கிறது, உதடுகள் இறுகுகின்றன, கண்கள் பளீரென்ற ஒளிக்கு அஞ்சிக் காத்திருக்கின்றன. அகம் ஓடி ஒளிந்துகொள்ள, முகம் மட்டும் படத்தில் விழுகிறது. இந்த நிலையை மாற்றிக் காட்டியவர் ஒருவர். மனிதர் இருக்கும் இடத்தில், அங்கே இருக்கும் வெளிச்சத்திலேயே, அவர்கள் இருக்கும் நிலையிலேயே படம் பிடித்த அவர்தாம் டாக்டர் எரிக் சாலமன்.

இளமையும் இன்னலும்

சாலமன் 1886 ஏப்ரல் 28இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் செல்வம் மிக்க யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வங்கித் தொழிலில் இருந்தவர். மகன் இயந்திரப் பொறியியல் படித்தார். பின்னர் சட்டத்திற்கு மாறி, அதில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. போர்முனைக்குச் சென்ற அவர் பிரெஞ்சுப் படையிடம் சிறைப்பட்டார். சிறைமுகாமில் கழிந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. பிரெஞ்சு மொழியை நன்கு கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் பல கதவுகளை அவருக்குத் திறந்துவிட்டது அந்த மொழிதான்.

ஊர் திரும்பியபோது செல்வம் கரைந்துகொண்டிருந்தது. போருக்குப் பிந்தைய பணவீக்கத்தில் ஜெர்மானிய நாணயம் வெறும் காகிதமாயிற்று. பங்குச் சந்தையில் வேலை பார்த்தார், வாடகை வண்டித் தொழில் நடத்தினார், எதுவும் நிலைக்கவில்லை. பிறகு உல்ஸ்டைன் என்னும் பெரிய பதிப்பு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் சேர்ந்தார். சுவர் விளம்பரங்கள் தொடர்பான தகராறுகளுக்குச் சான்றாகப் படங்கள் தேவைப்பட்டன. அதற்காகத்தான் முதன்முதலில் கேமராவைக் கையில் எடுத்தார். அப்போது ஆண்டு 1927. அவருக்கு வயது 41! கற்கும் வயது கடந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோர் இந்த எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒளியைப் பிடித்த கருவி

அந்நாளில் வீட்டிற்குள்ளோ மண்டபத்திற்குள்ளோ படம் எடுப்பது எளிதன்று. மக்னீசியம் தூளைத் தட்டில் பரப்பிக் கொளுத்துவார்கள். பளீரென ஒளி வீசும், வெடியோசை கேட்கும், அறை முழுவதும் வெண்புகை சூழும். புகைப்படம் என்ற சொல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்திய காலம் அது! இருமிக்கொண்டும் கண்களைக் கசக்கிக்கொண்டும் இருக்கும் அமைச்சர்களிடம் இரண்டாவது படம் எப்படிக் கேட்பது?

இதற்கு விடை டிரெஸ்டன் நகரிலிருந்து வந்தது. அங்கிருந்த எர்னமன் நிறுவனம் 1924இல் எர்மனாக்ஸ் என்னும் சிறிய கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த லுட்விக் பெர்டெலே என்னும் இளைஞர் அதன் லென்ஸை வடிவமைத்திருந்தார். முதலில் அதன் துளை எண் 2; விரைவிலேயே 1.8 ஆயிற்று.

இந்த எண்ணின் பொருள் என்ன? லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே துளை எண். எண் சிறிதானால் துளை பெரிது. உள்ளே புகும் ஒளியோ விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 4.5 துளை எண் கொண்ட லென்ஸோடு 1.8ஐ ஒப்பிட்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 4.5ஐ 1.8ஆல் வகுத்தால் 2.5, அதன் இருமடி 6.25. ஆறு மடங்கிற்கும் மேலான ஒளி! முன்பு ஒரு விநாடி அசையாமல் இருக்க வேண்டிய மனிதர், இப்போது ஒரு விநாடியின் ஆறில் ஒரு பங்கு நேரம் இருந்தால் போதும்.

ஆயினும் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. துளை பெரிதானால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். ஒருவர் முகம் தெளிந்தால் பின்னால் இருப்பவர் மங்கிப் போவார். தூரத்தைச் சற்றே தவறாகக் கணித்தாலும் படம் பாழ். மேலும் அதில் சுருள் கிடையாது, 4.5க்கு 6 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற வேண்டும். ஆகவே சாலமன் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஓசையின்றிக் காத்திருப்பார். பேசுகிறவரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார். சிந்திப்பவர் கையைக் கன்னத்தில் ஊன்றுவார். எல்லாரும் அசைவற்றிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் விசையை அழுத்துவார். அவருடைய கலையின் இரகசியம் லென்ஸில் பாதி, பொறுமையில் பாதி என்பதே என் கருத்து.

நீதிமன்றமும் மாநாடும்

1928இல் பெர்லின் நீதிமன்றத்தில் பரபரப்பான கொலை வழக்குகள் நடந்தன. அங்கே படம் எடுக்கத் தடை இருந்தது. சாலமன் தம் தொப்பியில் துளையிட்டுக் கேமராவை அதனுள் மறைத்து வைத்துப் படம் எடுத்தார். அப்படங்கள் பெர்லின் வார இதழில் வெளிவந்து அவர் புகழைப் பரப்பின. அவ்வாண்டிலேயே பாரிஸ் நகரில் போரை விலக்கும் கெல்லாக்–பிரியாண்ட் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் மண்டபத்திற்குள் இருந்தார்!

1930 ஜனவரியில் ஹேக் நகரில் போர் இழப்பீடு பற்றிய மாநாடு நடந்தது. நள்ளிரவு கடந்தும் பேச்சு முடியவில்லை. நாடுகளின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அமைச்சர்கள் நாற்காலிகளில் சாய்ந்து களைத்துக் கிடக்கும் காட்சியைச் சாலமன் பதிவு செய்தார். அதற்குமுன் செய்தித்தாள்களில் அமைச்சர் என்றால் விறைத்து நிற்கும் உருவம். அன்றோ தூக்கம் வந்தால் கண் செருகும் மனிதர்! 1931இல் பாரிஸ் விருந்தொன்றில் பிரெஞ்சு அமைச்சர் அரிஸ்டிட் பிரியாண்ட் அவரைக் கண்டுகொண்டு விரல் நீட்டிச் சுட்டிக்காட்டினார். அழையாமல் எட்டிப் பார்ப்போருக்கெல்லாம் இவரே அரசர் என்று அவர் கேலி செய்ததாகக் கூறுவர். விரல் நீட்டிய அந்தக் கணமும் படமாகிவிட்டது! 1932இல் கையொடிந்தவர்போல் கட்டுப் போட்டு, அதற்குள் கேமராவை மறைத்து, அமெரிக்க உச்ச நீதிமன்ற அமர்வையும் அவர் படமாக்கினார்.

இது முறையா?

ஒருவர் அறியாமல் அவரைப் படம் எடுப்பது முறையா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாலமன் எட்டிப் பார்த்தவை பெரும்பாலும் படுக்கையறைகள் அல்ல. பொதுமக்களின் வாழ்வு முடிவு செய்யப்படும் அறைகள். அங்கே நடப்பதைக் காணும் உரிமை மக்களுக்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் நீதிமன்றக் கூண்டில் நின்ற குற்றவாளியின் நிலை வேறு, அவன் எளியவன். அங்கே என் மனம் முழுவதும் சாலமன் பக்கம் சாயவில்லை.

இன்று எர்மனாக்ஸ் செய்த வேலையைச் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி செய்கிறது. மருத்துவமனைப் படுக்கையிலோ பேருந்திலோ களைத்து உறங்கும் எளியவரை எடுத்துப் பலருக்கு அனுப்புவோரும் உண்டு. வல்லவரைக் காட்டுவது வேறு. வறியவரைக் காட்சிப் பொருளாக்குவது வேறு. அதே சமயம் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். என் பெற்றோர் எழுத்தறியாதவர்கள். அவர்களுடைய படங்கள் எங்கள் வீட்டில் இரண்டே உண்டு. இரண்டிலும் பளிச்சிடும் விளக்கின்முன் மிரண்டு நிற்கிறார்கள். மாலை விளக்கொளியில் கூலிக் கணக்கைப் பேசிக்கொண்டிருக்கும் அவர்களுடைய உண்மை முகம் எதிலும் இல்லை. அவர்கள் இசைவோடு அந்த முகத்தை எடுத்து வைப்பதும் ஒரு வரலாறே அன்றோ?

இருள் சூழ்ந்த முடிவு

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரான சாலமனுக்குத் தாய்நாட்டில் இடமில்லை. மனைவியின் நாடாகிய ஆலந்துக்குக் குடிபெயர்ந்து ஹேக் நகரில் வாழ்ந்தார். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை அங்கேயும் நுழைந்தது. குடும்பம் 1943இல் தலைமறைவாயிற்று, ஆனால் காட்டிக்கொடுக்கப்பட்டது. உலகத் தலைவர்களின் அறைகளில் கேமராவை ஒளித்து வைத்தவருக்கு, தம்மை ஒளித்துக்கொள்ள ஓர் அறை கிடைக்கவில்லை. 1944 ஜூலையில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் அவர் வாழ்வு முடிந்தது. மனைவியும் இளைய மகனும் அவ்வாறே மாண்டனர்.

இங்கிலாந்தில் இருந்ததால் உயிர் பிழைத்த மூத்த மகன், போருக்குப் பின் வந்து தந்தையின் தகடுகளைத் தேடிச் சேர்த்தார். மறைத்து வைக்கப்பட்டவற்றுள் சில ஈரத்தில் கெட்டுப்போயின, பல தப்பின. அவரை விரட்டிய அதே ஜெர்மனியில், 1971 முதல் சாலமன் பெயரால் பத்திரிகைப் புகைப்படக் கலைக்குப் பரிசு வழங்கப்படுகிறது. அவர் படங்கள் பெர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் காக்கப்படுகின்றன.

நண்பர்களே! எதிரில் இருப்பவர்மேல் நம் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பது எளிது. அவரிடம் உள்ள சிறு ஒளியிலேயே அவரைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். ஒளியியல் பாடத்தில் நாம் படிக்கும் துளை எண் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதன்று. சாலமன் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே.