காந்தியும் ஆமதாபாத் நாய்களும்

அது 1926-ஆம் ஆண்டு. ஆமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், தமது ஆலைப் பகுதியில் திரிந்த 60 தெருநாய்களைக் கொல்லச் செய்தார். வெறிநாய்க்கடி பற்றிய அச்சமே காரணம். சமணமும் வைணவமும் வேரோடிய நகரம் அது. எறும்புக்கு மாவு தூவுவதையும் பால் வற்றிய மாடுகளுக்குப் புகலிடம் நடத்துவதையும் புண்ணியமாகக் கருதியவர்கள் அங்கே ஏராளம். சாராபாயின் செயலால் ஊர் கொதித்தது. அவருக்கு வேறு வழி இல்லை என்று மகாத்மா காந்தி கூறியதாகச் செய்தி பரவவே, ஜீவகாருண்ய அமைப்பு ஒன்று அது உண்மைதானா என்று அவரிடமே கேட்டது. உண்மைதான் என்று பதில் வந்தது.

அகிம்சையின் உருவமாக அறியப்பட்டவர் இப்படிச் சொன்னது ஏன் என்பதை, அவருடைய வாழ்க்கையைக் கொண்டுதான் விளங்கிக்கொள்ள முடியும்.

1869-இல் போர்பந்தரில் பிறந்த காந்தி, சிறு வயதில் நண்பனின் தூண்டுதலால் ரகசியமாக ஆட்டிறைச்சி உண்டார். அன்றிரவு அந்த ஆடு தம் வயிற்றுக்குள் கதறுவதுபோல் உணர்ந்து உறக்கமின்றித் தவித்தார். லண்டனில் சட்டம் பயின்றபோது சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினரானார். கல்கத்தா காளி கோயிலில் ஆடுகள் பலியிடப்படுவதைக் கண்ட வேதனை அவரை நெடுநாள் விடவில்லை. பசுக்களையும் எருமைகளையும் வதைத்துப் பால் கறக்கும் கொடுமையை அறிந்து பாலையே கைவிட்டார். 1918-இல் கடும் நோயில் படுத்தபோது, கஸ்தூர்பாவின் யோசனைப்படி ஆட்டுப்பாலை ஏற்றார். அதுவும் தம் விரதத்தின் உயிரைக் கொன்ற செயலே என்று பின்னாளில் வருந்தினார்.

இது அவருடைய ஒரு முகம். கொள்ளைநோய்க் காலங்களில் வெளிப்பட்ட மற்றொரு முகமும் உண்டு. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, ராஜ்கோட்டில் வீடு வீடாகச் சென்று கழிப்பறைகளைச் சோதித்த குழுவில் அவர் இருந்தார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கின் இந்தியர் குடியிருப்பில் நுரையீரல் பிளேக் தாக்கியபோது, காலியாகக் கிடந்த வீடொன்றின் பூட்டை உடைத்து 23 நோயாளிகளை அங்கே கிடத்தி அவரும் தோழர்களும் பணிவிடை செய்தனர். பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பின்னர் அந்தக் குடியிருப்பையே நகராட்சி தீயிட்டு அழித்தது. மக்களை அங்கிருந்து வெளியேறச் செய்வதில் காந்தி அதிகாரிகளுடன் ஒத்துழைத்தார். 1917-இல் கோச்ரபில் பிளேக் பரவியதே ஆசிரமம் சபர்மதிக் கரைக்கு இடம்பெயரக் காரணமாயிற்று.

நாய்கள் பற்றிய சர்ச்சையில் இவ்விரு முகங்களும் எதிரெதிரே நின்றன. 'யங் இந்தியா' இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். கோபக் கடிதங்கள் குவிந்தன. நேரில் வந்து வாதிட்டவர்களும் உண்டு. ஆமதாபாத் அரசு மருத்துவமனையில் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 1925-இல் மட்டும் 1,117 பேர் என்ற கணக்கை அவர் வாசகர் முன் வைத்தார்.

கொல்வது பாவம் என்பதை அவர் ஒருபோதும் மறுக்கவில்லை. ஆனால், பிறரைக் காக்கும் பொறுப்பில் இருப்பவன் வெறிநாயைக் கண்டும் கையைக் கட்டி நிற்பது அதனினும் பெரிய பாவம் என்றார். முற்றும் துறந்த முனிவருக்கு வேறு நெறி இருக்கலாம். குடும்பஸ்தனுக்கும் நகராட்சிக்கும் அந்தச் சலுகை இல்லை. உரிமையாளர் இல்லாமல் ஒரு நாய் தெருவில் அலைவது நாயின் குற்றமன்று, சமூகத்தின் அவமானம். ஆகவே, தெருவில் ரொட்டித் துண்டை வீசிவிட்டு நகர்வது கருணை ஆகாது. நாயை நேசிப்பவர் அதை வீட்டில் வளர்க்கட்டும். இயலாதவர் காப்பகத்துக்குப் பணம் தரட்டும் என்பதே அவர் வாதம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த வாதத்தின் கூர்மை என்னைக் கவர்கிறது. உணவிடுபவருக்கு மனநிறைவு உடனே கிடைத்துவிடுகிறது. அதற்கான விலையையோ விடியலில் வேலைக்கு நடந்து செல்லும் தொழிலாளியும் தெருவில் விளையாடும் ஏழைக் குழந்தையும் செலுத்துகிறார்கள். செலவைப் பிறர் தலையில் சுமத்தும் கருணையைத்தான் காந்தி ஏற்க மறுத்தார்.

அதற்காக அவரைப் பிழையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. கன்றிலிருந்து எடுக்கப்பட்ட நிணநீரால் தயாரான பெரியம்மைத் தடுப்பூசியை, மாட்டிறைச்சி உண்பதற்கு ஒப்பானது என்று அவர் வெறுத்தார். 1930-இல் ஆசிரமத்திலேயே குழந்தைகள் பெரியம்மைக்குப் பலியானபோதும் தம் கொள்கையை அவர் கைவிடவில்லை. நாய் விஷயத்தில் மனித உயிரின் பக்கம் நின்றவர், தடுப்பூசி விஷயத்தில் தவறான பக்கம் நின்றார் என்றே சொல்ல வேண்டும். 1928-இல் நோயால் துடித்த ஆசிரமக் கன்று ஒன்றுக்கு ஊசி மூலம் மரணம் அளிக்கச் செய்து, மீண்டும் கண்டனத்துக்கு ஆளானார். 1948-இல் மறையும் வரை, அகிம்சை என்பது கணக்குப் பார்க்காத உணர்ச்சி அன்று, ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டிய பொறுப்பு என்பதே அவர் நிலைப்பாடாக இருந்தது.

அன்று காந்திக்கு முன்னிருந்தவை இரண்டே வழிகள்: கொல்வது, அல்லது கடிபடுவது. நாய்க்கடிக்கான மருந்துகூட அக்காலத்தில் செம்மறியாட்டின் மூளையிலிருந்துதான் தயாரிக்கப்பட்டது. இன்று மூன்றாவது வழி இருக்கிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால், வெறிநோய் பரவும் சங்கிலியை அறுத்துவிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருத்தடையையும் தடுப்பூசியையும் வலியுறுத்தும் விதிகள் 2001 முதல் நம்மிடம் உள்ளன. ஆனாலும், தெருநாய்ப் பிரச்சினை 2025-இல் உச்சநீதிமன்றத்தின் படியேறியது. முதலில் பிறந்த உத்தரவு சில நாள்களிலேயே மாற்றியமைக்கப்பட்டது.

விதி இருந்தும் தீர்வு வராததற்குக் காரணம், அதற்கான செலவை ஏற்க எவரும் முன்வராததே. நாய்களை அகற்றச் சொல்வோரும் காக்கச் சொல்வோரும் காப்பகத்துக்கான இடம், கால்நடை மருத்துவர், ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய நிதி என்று பேச்சு வந்தால் மௌனமாகிவிடுகிறார்கள். உங்கள் கருணையின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று ஆமதாபாத் செல்வந்தர்களிடம் காந்தி அன்று எழுப்பிய கேள்வி, ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நம்முடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது.