அன்னையரைக் காத்த அறிஞர் இக்னாஸ் செம்மெல்வைஸ்

மகப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம்மவர் வழக்கு. அம்மறுபிறப்பிலிருந்து மீளாது மாண்ட அன்னையர் முன்னைய நூற்றாண்டுகளிலே எண்ணிலர். ஐரோப்பாவின் பெருநகரங்களில் ஏழைப் பெண்களின் நலங்கருதி அமைக்கப்பெற்ற பிரசவ விடுதிகளே அவர்களுட் பலருக்கு மரண வாயில்களாயின. அவ்வழிவுக்கு ஏதுவாயிருந்தோர் கொடியவரல்லர். நோய் தீர்க்கப் புகுந்த வைத்தியர்களே. இக்கசப்பான உண்மையைக் கண்டறிந்தவரும் ஒரு வைத்தியரே. தாம் கண்ட குற்றம் தம் கைகளிலும் ஒட்டியிருந்ததென்பதை உலகறிய ஏற்றுக்கொண்ட அப்பெருந்தகையே இக்னாஸ் பிலிப் செம்மெல்வைஸ் ஆவர்.

செம்மெல்வைஸ் 1818ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆந் திகதி டான்யூப் நதிக்கரையிலுள்ள பூடா நகரிலே தோன்றினார். ஹங்கேரி நாடு அக்காலை ஒஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பூடாவும் எதிர்க்கரையிலுள்ள பெஸ்டும் வெவ்வேறு நகரங்களாக விளங்கிய காலம் அது. தந்தையார் பலசரக்கு வணிகர். மகன் சட்டம் பயிலவேண்டுமென்னும் நோக்குடன் 1837ஆம் ஆண்டு வியன்னாப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். ஆயின், அடுத்த ஆண்டிலேயே இளைஞரின் உள்ளம் வைத்தியக் கல்வியை நாடிற்று. 1844ஆம் ஆண்டிலே வைத்தியப் பட்டம் பெற்ற அவர், பிரசவ வைத்தியத்தைத் தமக்குரிய துறையாகக் கொண்டார்.

வியன்னாப் பொது வைத்தியசாலை அந்நாளிலே உலகின் சிறந்த வைத்தியக் கலைக்கூடங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. அங்கே ரொக்கித்தான்ஸ்கி என்பார் இறந்தோர் உடலை அறுத்து ஆராய்ந்து, நோய் உறுப்புகளிலே விளைக்கும் மாற்றங்களை வகுத்துரைத்தார். ஸ்கோடா என்பார் மார்பைத் தட்டியும் செவியால் உற்றுக் கேட்டும் உள்நோயைத் துணியும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஹெப்ரா தோல் நோய்களிலும், கொலெச்கா சட்ட வைத்தியத்திலும் வல்லுநராயிருந்தனர். கட்டிலிற் கிடக்கும் நோயாளியிடங் காணும் குறிகளைப் பிரேத பரிசோதனையிற் காண்பவற்றோடு ஒப்புநோக்குவதே இவர்கள் அனைவர்க்கும் பொதுவாய முறை. இவர்களது நட்பும் ஆசியும் இளம் செம்மெல்வைசுக்குக் கிடைத்த பெரும்பேறாகும்.

1846ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, பேராசிரியர் யோகான் கிளைன் தலைமையிலிருந்த முதலாம் பிரசவ விடுதியில் அவர் உதவி வைத்தியராக நியமனம் பெற்றார். அவ்வைத்தியசாலையில் இரு பிரசவ விடுதிகள் இருந்தன. 1840ஆம் ஆண்டு முதல், முதலாம் விடுதி வைத்திய மாணவர்க்கும், இரண்டாம் விடுதி மருத்துவிச்சி மாணவியர்க்கும் உரியவாயின. இரண்டும் அடுத்தடுத்திருந்தன. கர்ப்பிணிகள் நாள்முறை வைத்து மாறி மாறி இரு விடுதிகளிலும் அனுமதிக்கப்பட்டனர். எனினும் 1841 முதல் 1846 வரையுள்ள ஆறாண்டுகளிலே முதலாம் விடுதியிற் பிள்ளை பெற்ற 20,042 தாய்மாருள் 1,989 பேர் மாண்டனர். இரண்டாம் விடுதியிலோ 17,791 தாய்மாருள் மாண்டோர் 691 பேரே. முன்னையது நூற்றுக்குப் பத்து வீதத்தை அணுகியது. பின்னையது நான்கு வீதத்துக்குங் குறைந்தது. பிரசவச் சுரம் என்னுங் கொடுநோயே இச்சாவுகளுக்குப் பெருங் காரணமாயிருந்தது.

நகரத்து ஏழைப் பெண்கள் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். தாம் முதலாம் விடுதிக்குரிய நாளில் வந்துவிட்டோமென உணர்ந்தவர், மற்றைய விடுதியிற் சேர்க்குமாறு முழந்தாளிட்டு மன்றாடினர். வைத்தியசாலைக்கு வரும் வழியிலே தெருவிற் பிள்ளை பெற்றோரும் உளர். வியக்கத்தக்க வகையில், அவர்களை அந்நோய் அரிதாகவே பற்றியது. வைத்தியர் கைப்படாத தெருவிலும் பார்க்க, வைத்தியர் நிறைந்த விடுதி தாய்க்கு ஆபத்தான இடமாயிருந்ததை எண்ணி எண்ணிச் செம்மெல்வைஸ் நெஞ்சம் புண்ணானார்.

அக்கால அறிஞர் இந்நோய்க்குப் பல காரணங் கற்பித்தனர். வானிலும் நிலத்திலும் பரவிய தீய ஆவியே காரணம் என்றனர் சிலர். அங்ஙனமாயின், அடுத்தடுத்துள்ள இரு விடுதிகளையும் அவ்வாவி ஒருபடித்தாகத் தாக்காததேன் என வினவினார் செம்மெல்வைஸ். நெருக்கடியே காரணம் என்றனர் வேறு சிலர். பெண்கள் அஞ்சி ஒதுங்கியமையால் இரண்டாம் விடுதியே அதிக நெருக்கமுடையதாயிருந்தது. பிற நாட்டு மாணவர் முரட்டுத்தனமாகப் பரிசோதித்தலே காரணம் என்று ஒரு குழு முடிவு செய்து மாணவர் தொகையைக் குறைத்தது. சாவு சிறிது தணிந்து மீண்டும் உயர்ந்தது. மரணத் தறுவாயிலிருப்போர்க்குச் சடங்கு செய்ய மணியொலியுடன் வரும் குருவானவரைக் கண்டெழும் அச்சமே காரணம் என்றோரும் இருந்தனர். செம்மெல்வைஸ் குருவானவரை வேறு வழியால், மணியோசையின்றி வரச் செய்தார். பிள்ளை பெறும்போது பெண்கள் கிடக்கும் நிலையையும் மாற்றிப் பார்த்தார். எதனாலும் பயனில்லை. ஊகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணிக்கையாகிய உரைகல்லில் உரைத்து, பொருந்தாதவற்றைத் தள்ளிவிடும் இம்முறையே அவரது ஆராய்ச்சியின் தனிச் சிறப்பாகும்.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, சிறிது ஓய்வு நாடி வெனிஸ் நகரஞ் சென்று திரும்பிய அவரைத் துயரச் செய்தியொன்று எதிர்கொண்டது. நண்பர் கொலெச்கா இறந்துவிட்டார். பிரேத பரிசோதனை வேளையில் மாணவனொருவனின் கத்தி அவர் விரலிற் பட்டது. அச்சிறு காயத்தினின்று நஞ்சேறி, உடல் முழுவதும் அழற்சி பரவி அவர் மாண்டார். அவரது பிரேத பரிசோதனைக் குறிப்பைப் படித்த செம்மெல்வைஸ் திடுக்குற்றார். பிரசவச் சுரத்தால் மாண்ட நூற்றுக்கணக்கான தாய்மார் உடலிலே தாம் கண்ட அதே மாற்றங்கள் நண்பரின் உடலிலுங் காணப்பட்டன. நோய் ஒன்றாயின் காரணமும் ஒன்றாதல் வேண்டும். கொலெச்காவின் உடலிற் பிணப்பொருளைப் புகுத்தியது கத்தி. தாய்மார் உடலிற் புகுத்தியது எது? வைத்தியரும் மாணவரும் காலையிற் பிணவறையிலே பிரேதங்களை அறுத்து ஆராய்ந்து, அங்கிருந்து நேரே விடுதிக்கு வந்து தாய்மாரைப் பரிசோதித்தனர். சவர்க்காரமிட்டுக் கழுவியும் அவர்கள் கைகளிற் பிணவாடை நீங்குவதில்லை. மருத்துவிச்சிகளோ பிணவறைக்குச் செல்வதில்லை. இரு விடுதிகளுக்குமிடையே இருந்த வேறுபாட்டின் மருமம் இதுவேயெனத் தெளிந்தார்.

அவ்வாண்டு மே மாத நடுவிலே, விடுதியிற் புகுமுன் ஒவ்வொருவரும் குளோரீன் கலந்த நீரிற் கைகழுவவேண்டுமென அவர் கட்டளையிட்டார். குளோரீன் நீர் விலை மிகுந்ததாதலின், பின்னர் மலிவான குளோரீன் சுண்ணாம்புக் கரைசலைப் பயன்படுத்தினார். விளைவு யாது? ஏப்பிரல் மாதத்திலே முதலாம் விடுதியில் 312 தாய்மாருள் 57 பேர் மாண்டிருந்தனர். யூன் மாதத்தில் 268 பேருள் அறுவரும், யூலை மாதத்தில் 250 பேருள் மூவருமே மாண்டனர். 1848ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பேருள் மாண்டோர் 45 பேர்; அஃதாவது நூற்றுக்கு 1.27 வீதம். அவ்வாண்டின் மார்ச்சு, ஓகஸ்ட் ஆகிய இரு மாதங்களில் ஒரு தாயேனும் அவ்விடுதியில் மாளவில்லை.

வெற்றியிலும் அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1847ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, கருப்பையிற் புற்றுநோய் முற்றிய பெண்ணொருத்தி விடுதியின் முதற் கட்டிலிலே கிடந்தாள். அவளைப் பரிசோதித்தபின் வைத்தியர் சவர்க்காரத்தால் மாத்திரமே கைகழுவி மற்றையோரைப் பரிசோதித்தனர். அவளோடு ஒருங்கு பிள்ளை பெற்ற பன்னிருவருட் பதினொருவர் மாண்டனர். இதனால், பிணப்பொருள் மாத்திரமன்றி, உயிருள்ளாரின் அழுகிய புண்ணினின்று வரும் பொருளும் நோய்க்கு வித்தாகுமெனக் கண்டார். ஒவ்வொரு நோயாளியையும் பரிசோதித்தபின் கையைத் தூய்மை செய்தல் வேண்டுமென்னும் விதி இவ்வாறு பிறந்தது.

பழைய பதிவேடுகளையும் அவர் புரட்டிப் பார்த்தார். 1784 முதல் 1822 வரை அவ்வைத்தியசாலையில் 71,395 பிரசவங்களில் மாண்டோர் 897 பேரேயாவர். 1823ஆம் ஆண்டிற் கிளைன் பொறுப்பேற்று, பிரேதங்களைக் கொண்டு கற்பிக்கும் முறை பெருகியபின் சாவும் பெருகிற்று. வைத்தியக் கலையின் பெருமையாகிய பிரேத ஆராய்ச்சியே அன்னையரின் அழிவுக்கும் வாயிலாயிற்று. இன்னுமொரு செய்தி அவரை வாட்டிற்று. அவ்விடுதியிலே பிணவறைப் பணியில் எவரினும் மிகுதியாக ஈடுபட்டவர் அவரே. அவர் பதவியிலிருந்து விலகியிருந்த 1847 பெப்ரவரி மாதத்திலே மாண்டோர் அறுவர். அவர் திரும்பி வந்து பணியேற்ற ஏப்பிரல் மாதத்திலே மாண்டோர் 57 பேர். நோயின் காரணத்தை அறியவேண்டுமென்ற அவரது ஊக்கமே நோயைப் பரப்பிற்று. தம்மால் மாண்டோரின் தொகையைக் கடவுளே அறிவாரெனும் கருத்தை அவர் பின்னர் தம் நூலில் மறையாது எழுதினார். தம் புகழுக்கு மாசு வருமென அஞ்சி இதனை மறைத்திருப்பின் அவரை எவர் அறிந்திருப்பர்? எண்கள் காட்டிய வழியிலே, அது தம்மையே சுட்டியபோதும், அவர் நேரே நடந்தார்.

இத்துணைத் தெளிவான உண்மையை உலகம் உடனே ஏற்றிருக்குமென நாம் எண்ணுவோம். நிகழ்ந்ததோ வேறு. ஹெப்ரா 1847 திசெம்பரிலும் 1848 ஏப்பிரலிலும் வியன்னா வைத்திய சங்க ஏட்டிலே இதனை அறிவித்து, ஜென்னரின் அம்மைப்பால் கண்டுபிடிப்புக்கு நிகராகப் போற்றினார். ஸ்கோடாவும் ரொக்கித்தான்ஸ்கியும் துணைநின்றனர். ஆயினும் கிளைன் இணங்கவில்லை. தூய்மைக்குப் பேர்பெற்ற கனவான்களாகிய தாம் நோயைச் சுமந்து செல்வதாகக் கூறுவதைப் பல வைத்தியர் அவமதிப்பாகக் கொண்டனர். நுண்ணுயிர்க் கொள்கை நிலைபெறாத காலமாதலின், கண்ணுக்குப் புலனாகாத பொருள் எங்ஙனம் கொல்லுமென்பதை விளக்கிக் காட்டவும் இயலவில்லை. 1849ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவரது பதவி நீடிக்கப்படாது முடிவுற்றது. அடுத்த ஆண்டு, உடலுருப் பொம்மையைக் கொண்டு மாத்திரம் கற்பிக்கும் கட்டுப்பாடுடைய விரிவுரைப் பதவியே அளிக்கப்பட்டது. மனமுடைந்த அவர் நண்பரிடமும் விடைபெறாது வியன்னாவை நீங்கித் தாய்நாடு சேர்ந்தார்.

செம்மெல்வைஸ்பாலும் ஒரு குறை இருந்ததென்பதை நடுநிலையாளர் மறுக்கார். எழுதுவதில் அவருக்கு விருப்பமில்லை. 1847ஆம் ஆண்டிற் கண்ட உண்மையை விரிவான நூலாக அவர் வெளியிட்டது 1861ஆம் ஆண்டிலேயே. நண்பர் எழுதிய சிறு அறிக்கைகளையே இடைக்காலத்தில் உலகம் கண்டது. அவற்றையும் பலர் பிழைபட விளங்கிக்கொண்டனர். அவருக்கு முன்னரே, 1795ஆம் ஆண்டில் அபெர்டீன் நகரத்துக் கோர்டனும், 1843ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹோம்ஸும் இச்சுரத்தை வைத்தியரும் மருத்துவிச்சியருமே ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டுசெல்வதாக எழுதியிருந்தனர். செம்மெல்வைசின் தனிப்பெருமை, தடுக்கும் வழியைக் கண்டு, அதனை ஆயிரக்கணக்கான பிரசவங்களில் எண்ணிக் காட்டியமையாகும்.

பெஸ்ட் நகரத்துப் புனித ரோக்கு வைத்தியசாலையிலே 1851 முதல் ஆறாண்டுகள் அவர் பணியாற்றினார். அங்கே 933 பிரசவங்களிற் பிரசவச் சுரத்தால் மாண்டோர் எண்மரே. 1855ஆம் ஆண்டிலே பெஸ்ட் பல்கலைக் கழகப் பேராசிரியரானார். நூல் வெளிவந்தபின்னும் பெர்லின் நகரத்து விர்ஹோ போன்ற பேரறிஞர் அதனை ஏற்றிலர். வீணே மாளும் அன்னையரை எண்ணிப் பொறுமையிழந்த செம்மெல்வைஸ், தம்மை மறுத்த பேராசிரியர்களைக் கொலையாளரெனக் கடிந்து பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். சீற்றம் நியாயமானதே, ஆயினும் அதனால் இணங்கியவர் சிலர், விலகியவர் பலர்.

பிற்காலத்தில் அவர் சித்தம் கலங்கிற்று. 1865ஆம் ஆண்டு யூலை இறுதியில் வியன்னாவை அடுத்த மனநோய் விடுதியொன்றிற் சேர்க்கப்பட்டு, ஓகஸ்ட் மாதம் 13ஆந் திகதி, நாற்பத்தேழாம் வயதில் உயிர் துறந்தார். அவரைக் கொன்றது, காயத்தினின்று குருதியில் ஏறிய நஞ்சு. எந்நோயின் வேரைக் கண்டாரோ அதன் இனத்ததாகிய நோய்க்கே அவர் இரையானார். அதற்கு முதல்நாள், கிளாஸ்கோ நகரிலே சத்திர வைத்தியர் லிஸ்ரர், கால் முறிந்த சிறுவனொருவனின் புண்ணுக்குக் காபோலிக் அமிலமிட்டுக் கட்டினார். புண் நஞ்சேறாது தடுக்கும் புதிய முறை அன்று தொடங்கிற்று. 1879ஆம் ஆண்டிலே பிரசவச் சுரத்தின் கிருமியைப் பாஸ்ரர் பாரிசிலே எடுத்துக்காட்டினார். செம்மெல்வைஸ் காணாதே கூறியதை உலகம் அன்று கண்ணாற் கண்டது.

இகழ்ந்த உலகமே பின்னர்ப் போற்றியது. 1891ஆம் ஆண்டில் அவரது எச்சங்கள் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டன. பிறந்த இல்லம் வைத்திய வரலாற்றுக் காட்சிச்சாலையாயிற்று. 1969ஆம் ஆண்டு முதல் அந்நகரத்து வைத்தியப் பல்கலைக் கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு முதல் மே 5ஆந் திகதியைக் கைத்தூய்மை நாளாகக் கொண்டாடி வருகின்றது.

எமது கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் வைத்தியக் கல்விக்குச் செல்லும் மாணவர்க்கு இவ்வரலாறு உணர்த்துவன மூன்று. ஆராய்ச்சி ஆய்வுகூடத்திற்கே உரியதன்று. தம் பொறுப்பிலுள்ள நோயாளரின் பதிவேட்டை நேர்மையுடன் எண்ணிப் பார்க்கும் எவ்வைத்தியரும் ஆராய்ச்சியாளரே. பிரசவ வைத்தியருக்கு விடை காட்டியது சட்ட வைத்தியரின் மரணம். அதனை உலகுக்கு அறிவித்தவர் தோல் வைத்தியர். ஆதலால் ஒரு துறையினர் மற்றைத் துறையினர்க்குக் கதவடைத்தல் தகாது. மூன்றாவதாக, கண்ட உண்மையைக் காலந் தாழ்த்தாது, பிறர் ஏற்கும் வண்ணம் எழுதிவைத்தல் வேண்டும். செம்மெல்வைஸ் எழுதத் தாழ்த்திய ஆண்டுகளிலே மாண்ட அன்னையர் அதற்குச் சான்று. கைகழுவுதல் எளிய செயலே. அச்செயலின் பின்னே ஒரு நல்லாரின் கண்ணீரும் உயிரும் உளவென்பதை நினைவிற் கொள்வோமாக.