அணு உலைக்கு வயதாகிவிட்டதா? விடை சொல்லும் சார்பியின் சுத்தியல்

மார்கழியில் கொடைக்கானல் போனால் நமக்குப் பல் கிடுகிடுக்கும். அந்தக் குளிர் எஃகை என்ன செய்யும்? நல்ல எஃகு என்றால் ஒன்றும் ஆகாது. தரம் குறைந்த எஃகு, பலமா ஒரு அடி விழுந்தா, வளையாமலே படக்கென்று உடைஞ்சிடும். இந்த வித்தியாசத்தை அளக்க வழிசெய்தவர் ஜார்ஜ் சார்பி. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு லேபில் செய்த ‘சார்பி டெஸ்ட்’ ஞாபகம் இருக்கும்.

யார் இவர்?

1865-ல் பிரான்ஸின் லியோன் அருகே பிறந்தவர். பாரிஸின் எகோல் பாலிடெக்னிக்கில் படித்தார். 1898-ல் மோன்லூசோன் எஃகு ஆலைக்கு வந்தார். மெதுவாக இழுத்துப் பார்க்கும் சோதனையில் பாஸான எஃகு, திடீர் அடியில் ஏன் ஃபெயிலாகிறது என்பதே அன்றைய கேள்வி.

1901-ல் தன் முறையை வெளியிட்டார். வெட்டுப் போட்ட சின்ன எஃகுத் துண்டை ஊசல் சுத்தியல் உடைக்கும். அதன் பிறகு சுத்தியல் எவ்வளவு குறைவாக மேலேறுகிறதோ, அவ்வளவு ஆற்றலைத் துண்டு வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். ஊசல் யோசனை அமெரிக்கரான ரஸ்ஸலிடம் முன்பே இருந்தது. எந்த லேபிலும் ஒரே மாதிரி செய்து ஒப்பிடும்படி அதை மாற்றியதில் சார்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

1943 ஜனவரியில் ‘ஸ்கெனெக்டடி’ என்ற அமெரிக்கக் கப்பல், துறையில் நின்றபடியே கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. அதன்பின் இந்த டெஸ்ட் உலகெங்கும் பரவியது. 1945-ல் சார்பி இறந்தார். அணுமின் நிலையங்களை அவர் பார்க்கவில்லை.

அணு உலைக்கு எதற்கு?

உலையின் எஃகு அழுத்தக்கலனை நியூட்ரான்கள் வருஷக்கணக்கில் தாக்கும். எஃகு இறுகிப்போகும், உடையும் தன்மைக்கு மாறும் வெப்பநிலை ஏறிக்கொண்டே வரும். கொடைக்கானல் குளிருக்கும் கீழே இருந்த வரம்பு, சென்னை வெயிலையும் தாண்டலாம். தாமிரம் அதிகமுள்ள எஃகில் இது வேகமாக நடக்கும். கலனில் ஏற்கெனவே விரிசல் இருந்து, அவசரத்தில் குளிர்நீர் பாய்ந்தால் ஆபத்து.

கலனை வெட்டிப் பார்க்க முடியாதே! அதனால் அதே எஃகின் துண்டுகளை முதலிலேயே உள்ளே வைத்துவிடுகிறார்கள். சுவரைவிட உலையின் மையத்துக்கு அருகில் வைத்தால், அவை முன்னதாகவே முதுமை அடையும். அவ்வப்போது எடுத்து, சார்பியின் சுத்தியலால் அடித்துப் பார்ப்பார்கள். அந்த எண்களிலிருந்து, விரிசல் பரவாமல் எஃகு தாங்கும் திறனைக் கணிக்கிறார்கள். 1969-ல் ஓடத் தொடங்கிய தாராப்பூர் உலைகளின் துண்டுகள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இப்படிச் சோதிக்கப்பட்டன.

பழைய உலையை இன்னும் சில வருஷம் ஓட்டலாமா, நிறுத்தணுமா என்ற முடிவில், விரல் நீளத் துண்டு ஒன்று உடையும் விதத்துக்கும் பங்கிருக்கிறது.