லின்கோயாவை வளர்த்த தந்தை

அமெரிக்காவின் 20 டாலர் தாளில் முகம் பதிந்துள்ள ஆண்ட்ரூ ஜாக்சன், க்ரீக் பழங்குடிச் சிறுவன் ஒருவனைத் தம் வீட்டில் வளர்த்தவர். பழங்குடிகளை அவர்தம் மண்ணிலிருந்து பெயர்த்தெறியும் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அவரே. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்க முயல்வோர் இன்றும் உளர். இரண்டும் ஒரே மனப்பான்மையில் விளைந்தவை என்றே அவருடைய வாழ்க்கை சொல்கிறது.

1767இல் பிறந்த ஜாக்சன், தாம் பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். விடுதலைப் போர்க்காலத்தில் தாயும் தமையன்மாரும் மாண்டுபோக, 14 வயதில் அநாதையானார். பின்னர் வழக்கறிஞராகி, நிலமும் அடிமைகளும் வாங்கிச் செல்வரானார். டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகருக்கருகே இருந்த அவரது ஹெர்மிடேஜ் பண்ணையில் பருத்தி விளைவித்தோர் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். அவர் இறந்த 1845இல் அவருக்கு உடைமையாயிருந்தோர் சுமார் 150 பேர்.

1813 நவம்பர் 3 அன்று அவரது ஆணைப்படி ஜான் காஃபியின் படை, இன்றைய அலபாமாவிலுள்ள தல்லுஷாட்சி என்னும் க்ரீக் ஊரைச் சுற்றி வளைத்தது. படையினர் எண்ணிய பிணங்கள் மட்டும் 186. பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. இறந்த தாயினருகே ஓர் ஆண் குழந்தை உயிரோடு கிடந்தது. சிறைப்பட்ட க்ரீக் பெண்கள் அதனை ஏற்க மறுத்தனர் என்பது ஜாக்சன் தரப்புக் கூற்று. அப்பெண்கள் தம் வாயால் சொன்ன பதிவாக அது நமக்குக் கிட்டவில்லை. ஜாக்சன் சர்க்கரை கரைத்த நீரூட்டிக் குழந்தையைக் காப்பாற்றி, மனைவி ரேச்சலிடம் அனுப்பிவைத்தார். தம்மைப் போன்ற அநாதை என்று மனமிரங்கியதாக எழுதினார். அந்த இரக்கத்தைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அக்குழந்தையை அநாதையாக்கியது அவருடைய படையே.

லின்கோயாவுக்கு முன்பே தியடோர் என்ற பழங்குடிக் குழந்தை ஹெர்மிடேஜுக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஜாக்சனின் வளர்ப்பு மகனான வெள்ளைச் சிறுவனுக்கு விளையாட்டுத் துணையாகவே அது அனுப்பப்பட்டது. விரைவில் இறந்தும் போயிற்று. குழந்தை இங்கே பரிசுப்பொருளாகிறது. லின்கோயா படிக்க வைக்கப்பட்டான். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு அவனை அனுப்ப ஜாக்சன் விரும்பினார், அது நடக்கவில்லை. சேணம் செய்யும் தொழில் பழக நாஷ்வில்லுக்கு அனுப்பப்பட்ட அவன், 1828இல் காசநோயால் மாண்டான். வயது பதினாறளவே. அவ்வாண்டுதான் ஜாக்சன் அதிபர் தேர்தலில் வென்றார்.

அவன் குழந்தையாக ஹெர்மிடேஜுக்கு வந்த காலத்திலேயே அவனுடைய மக்களின் நிலம் பறிபோயிற்று. 1814 ஆகஸ்டில் ஜாக்சன் திணித்த உடன்படிக்கையால் க்ரீக் மக்கள் சுமார் 2.3 கோடி ஏக்கரை இழந்தனர். அவர் பக்கம் நின்று போரிட்ட க்ரீக் வீரர்களின் நிலமும் அதில் அடக்கம்.

1830 மே 28 அன்று பழங்குடி அகற்றல் சட்டத்தில் அதிபர் ஜாக்சன் கையெழுத்திட்டார். அக்கால அரச மொழியில் அதிபர் பெருந்தந்தை. பழங்குடிகள் அவருடைய பிள்ளைகள். மிசிசிப்பிக்கு மேற்கே துரத்துவதையும் அவர்களை அழிவினின்று காக்கும் கருணையாகவே ஜாக்சன் விளக்கினார். பிள்ளை என்று அழைக்கப்பட்டவருக்கு அம்மொழியில் சோறுண்டு, அறிவுரையுண்டு. நிலத்தின் மீதும் தம் எதிர்காலத்தின் மீதும் முடிவெடுக்கும் உரிமை மட்டும் இல்லை. ஹெர்மிடேஜில் ஒரு சிறுவனிடம் நடைமுறையிலிருந்த இந்த உறவே சட்டத்தின் வழியே முழு இனங்கள் மீதும் விரிந்தது.

1836இல் ராணுவம் க்ரீக் மக்களை அலபாமாவிலிருந்து வெளியேற்றியது. எதிர்த்துப் போரிட்ட ஆண்கள் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நடத்திச் செல்லப்பட்டனர். லின்கோயா உயிரோடிருந்திருந்தால் அப்போது அவனுக்கு வயது இருபத்து நான்கு இருக்கும்.