பறவைகளின் தோழர் சலீம் அலி

சோழ வளநாட்டில் உள்ள நன்னிலம், பெயருக்கு ஏற்ற நல்ல நிலத்தை உடைய ஊர். கோடைக்காலத்தில், அறுவடை முடிந்த அவ்வூர் வயல்களின் வழியே நடப்போர், தலைக்கு மேலே ஒரு பறவை வட்டமிட்டு ஓயாது கத்துவதைக் கேட்பர். அஃது ஆள்காட்டி. தன் முட்டைகளுக்கு அருகில் மனிதர் வந்துவிட்டனரே என்பதுதான் அதன் கவலை. மரத்தில் கூடு கட்டும் வழக்கம் அதற்கு இல்லை. வெறுந்தரையில் சிறு குழி ஒன்றில் பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். மண்கட்டியின் நிறமும் கரும்புள்ளிகளும் வாய்ந்த அம்முட்டைகளைக் கூர்ந்து நோக்கினாலன்றிக் காணல் அரிது. வெயில் கொளுத்தும்போது தாயும் தந்தையும் வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கும். பொரித்து வெளிவந்த குஞ்சுகள் விரைவிலேயே நடக்கத் தொடங்கும். பெற்றோர் அபாயக் குரல் எழுப்பினால் நிலத்தோடு நிலமாய் ஒடுங்கிக் கிடக்கும்.

உப்புக்கொத்தி, உள்ளான் முதலிய கரைப்பறவைகளும், அவற்றின் உறவினங்களான கடற்காகமும் ஆலாவும் பெரும்பாலும் இவ்வாறே தரையில் முட்டையிடுவன. மனிதன் அறியாமல் வைக்கும் ஓரடியே ஒரு குடும்பத்தை அழித்துவிடக் கூடும். ஆதலின் இவற்றைக் காக்க விரும்புவோர் முதலில் இவற்றின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். அவ்வறிவை நம் நாட்டார் பெறுதற்குத் தம் வாழ்நாளையே வழங்கிய பெரியார் சலீம் அலி ஆவார்.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையையும் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜி வளர்த்தார். வேட்டையில் விருப்பம் மிகுந்த அச்சிறுவர், பத்து வயதளவில் ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கையில் எடுத்துப் பார்த்தபோது, அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் காணப்பட்டது. அஃது எவ்வினத்துக் குருவி என்று அறியும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அதன் செயலாளராய் இருந்த மில்லர்டு என்பார், அக்குருவியின் இனத்தைக் கூறியதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் அன்புடன் காட்டினார். அன்று முதல் பறவைகளைப் பற்றிக் கற்கும் ஆர்வம் மேலோங்கிற்று.

இளமையில் அவர் பர்மா சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டார். எனினும் அவருடைய மனம் காட்டுப் பறவைகளின் மீதே சென்றது. பம்பாய் திரும்பி விலங்கியல் பயின்று, 1926ஆம் ஆண்டில் அங்குள்ள அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராய் அமர்ந்தார். பின்னர்ச் செர்மனி சென்று, பெர்லின் நகரில் இசுடிரெசுமன் என்னும் பேரறிஞரிடம் பறவைநூல் கற்றார். பறவையின் காலில் எண் பொறித்த வளையம் பூட்டி, அதன் பயணத்தை அறியும் முறையையும் அந்நாட்டிலே பயின்றார்.

1930ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது அவருடைய பதவி இல்லாமற்போயிருந்தது. அவர் மனம் தளரவில்லை. மனைவி தெகுமினாவுடன் கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கி, அங்கே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளைத் திங்கட்கணக்கில் உற்றுநோக்கினார். ஆண்குருவி ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல கூடுகளைத் தொடங்கி, அவற்றை ஏற்கும் பேடைகளோடு இல்லறம் நடத்துவதை விளக்கி எழுதினார். இறந்த பறவையின் தோலை ஆராய்வதோடு அமையாது, வாழும் பறவையைப் பொறுமையோடு நோக்குதலே சிறந்த கல்வி என்பதை அவ்வாய்வு காட்டிற்று. 1939இல் மனைவியார் மறைந்த பெருந்துயரிலும் அவர் பணி நிற்கவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞருடன் பிற்காலத்தில் அவர் எழுதிய பெருநூல் பத்துத் தொகுதிகளைக் கொண்டது.

1945ஆம் ஆண்டில் சலீம் அலி இமயத்தைக் கடந்து மானசரோவரம் சென்றார். அத்தகைய உயர்நிலத்து ஏரிகளிலேதான் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அவ்வினம் குளிர்காலத்தில் வந்து தங்கும் இடங்களுள் ஒன்று கோடியக்கரை. நன்னிலத்துக்குத் தெற்கே, வேதாரணியத்தை அடுத்து, காவிரி நாட்டின் கரை கடலுள் நீண்டு முடியும் முனை அது. அங்குள்ள சேற்றுநிலத்தில் புழுக்களையும் நண்டினங்களையும் தின்று பெருந்திரளான பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கும். அவற்றுள் வளைந்த அலகுடைய உள்ளான் ஒன்று. சைபீரியாவின் வடகோடியில், கதிரவன் மறையாத குறுகிய கோடையில் அது குஞ்சு பொரிக்கும். பெற்றோர் முன்னே புறப்பட்டுவிட, குஞ்சுகள் பின்னர்த் தாமே வழியறிந்து பல்லாயிரம் கல் தொலைவு பறந்து வரும்.

1959ஆம் ஆண்டில் பம்பாய்க் கழகம், சலீம் அலியின் தலைமையில், வலசைப் பறவைகளுக்கு வளையம் பூட்டும் பெரும்பணியைத் தொடங்கிற்று. கோடியக்கரையும் அப்பணி நிகழ்ந்த இடங்களுள் ஒன்றாயிற்று. இந்திய வளையம் அணிந்த பறவைகள் உருசிய நாட்டிலும் கண்டெடுக்கப்பட்டன. ஒரு பறவைக்குக் குஞ்சு பொரிக்கும் நாடும் குளிர்காலம் கழிக்கும் நாடும் ஒருங்கே தாயகம் என்பதும், இங்கே சேறு அழிந்தால் அங்கே கூடு வெறுமையாகும் என்பதும் இதனால் தெளிவாயின. கோடியக்கரையின் சிறப்பை நாட்டாருக்கு எடுத்துரைத்தவருள் சலீம் அலி முதன்மையானவர். 1967ஆம் ஆண்டில் அவ்விடம் காப்பகம் ஆயிற்று. 2002இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பெற்றது.

பத்மபூசண், பத்மவிபூசண் முதலிய விருதுகளைப் பெற்ற அப்பெரியார், 1987ஆம் ஆண்டில் தொண்ணூறாம் வயதில் இயற்கை எய்தினார். தாம் பெற்ற பரிசுப் பணத்தையும் இயற்கைக் கழகத்தின் வளர்ச்சிக்கே உதவினார். சிறுவர் ஒருவர் கையில் உயிரற்றுக் கிடந்த குருவி, எண்ணற்ற பறவைகள் உயிர் வாழ வழிகாட்டியது. வயல்வரப்பில் ஆள்காட்டி கத்தும்போது, குனிந்து நிலத்தை நோக்கி, ஓரடி விலகி நடத்தல் எவர்க்கும் எளிது. அவ்வோரடியே சலீம் அலிக்கு நாம் செலுத்தும் நன்றி ஆகும்.